மொழிச் செயலிகளில் டிரில் பயிற்சி: ஒதுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியிலும் கைபேசியிலும் மொழி கற்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்போது ஒரு முடிவுக்கு மிக எளிதாக வந்துவிடுகிறார்கள். ஒரே வகை வினாக்களைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் டிரில் பயிற்சிக்குக் காலம் கடந்துவிட்டது, இனி உரையாடல் போதும் என்கிறார்கள். மொழிப் பாடம் எழுதுவதும் அதற்கான மென்பொருள் செய்வதும் எங்கள் வேலை. அந்த முறையில் இதை எங்களால் ஏற்க முடியவில்லை. மோசமாக எழுதப்பட்ட டிரில் வினாக்கள் மலிந்து கிடக்கின்றன என்பது உண்மை. அதற்காகப் பயிற்சி முறையையே தள்ளிவைத்தால், வேற்றுமை உருபும் வினைமுற்றும் தயங்காமல் வாயில் வரும் நிலையைக் கற்பவர் எட்டவே மாட்டார்.

டிரில் மீது பழி விழுந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. மொழி என்பது வெறும் பழக்கம், தூண்டினால் துலங்கும், பாராட்டினால் ஊன்றும் என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் நடத்தையியல் கொள்கை 1950களில் ஓங்கி நின்றது. மொழி ஆய்வகங்களில் ஒலிநாடா சொன்னதை மாணவர்கள் திருப்பிச் சொன்னார்கள். 1959இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி அந்தக் கொள்கையை அடியோடு மறுத்து எழுதினார். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்பு தொடங்கியது. பின்னாளில் அதில் சேர்ந்த மொழிப் பாடங்களிலும் டிரில் வினாக்களுக்குப் பெரிய இடம் இருந்தது. கொள்கைக்கு விழுந்த அடி பயிற்சியின் மீதும் விழுந்தது. மொழி பழக்கம் மட்டுமல்ல என்பது சரி. ஆனால் பழகாமலே சரளம் வரும் என்று அதற்குப் பொருள் கொண்டது சரியல்ல.

எல்லா டிரிலும் ஒன்றல்ல. 1970களின் தொடக்கத்திலேயே மொழிக்கல்வி ஆய்வாளர் கிறிஸ்டினா பிராட் பால்ஸ்டன் அவற்றை மூன்றாகப் பிரித்தார்: இயந்திரத்தனமானவை, பொருள் உணர்ந்து செய்பவை, உண்மைச் செய்தியைப் பரிமாறுபவை. இந்தப் பிரிவினை இன்றைக்கும் பயன்படுகிறது. தமிழ் கற்கும் ஒருவருக்கான வினாவையே எடுத்துக்கொள்வோம். "வில் – விற்றான், கல் –?" என்று கேட்டால் அவர் "கற்றான்" என்று எழுதுவார். "கல்" என்பதன் பொருள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலே உள்ளதைப் பார்த்து எழுத்தை மாற்றினால் போதும். இது முதல் வகை. "என் தங்கை நேற்று மூன்று மணி நேரம் வரிசையில் ____ (நில்)" என்று கேட்டால் கதை வேறு. "நேற்று" என்பதிலிருந்து காலத்தையும் "தங்கை" என்பதிலிருந்து விகுதியையும் பிடித்தால்தான் "நின்றாள்" வரும். "தங்கை" இருக்கும் இடத்தில் பொருளற்ற ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். நின்றாளா, நின்றானா, நின்றதா என்று முடிவு செய்யவே முடியாது. வினா நல்லதா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. பொருளைப் பிடுங்கிய பிறகும் விடை சொல்ல முடிந்தால், அந்த வினா எழுத்தை மாற்றும் வேலையை மட்டுமே பழக்குகிறது.

மூன்றாவது வகையில் "நீங்கள் கடைசியாக வரிசையில் நின்றது எங்கே?" போன்ற கேள்விகள் வரும். விடை உண்மையா என்பது கணினிக்குத் தெரியாது. அதை ஆசிரியரிடமோ கூடப் படிப்பவரிடமோ விடுவதே முறை. மென்பொருளின் களம் இரண்டாவது வகை. முதல் வகைக்கும் ஒரு சிறு இடம் உண்டு. புதிய வடிவத்தை முதன்முதலில் பார்க்கும்போது ஆறு அல்லது எட்டு வினா போதும், அதற்கு மேல் வேண்டாம்.

தமிழில் லகர ஒற்றில் முடியும் வினைகளைப் பாருங்கள். செல் – சென்றான், வெல் – வென்றான், நில் – நின்றான். ஆனால் வில் – விற்றான், கல் – கற்றான். சொல் – சொன்னான். பெரும்பாலான செயலிகளில் சென்றான் வகைக்கு ஒரு பாடம், விற்றான் வகைக்கு ஒரு பாடம் என்று தனித்தனியே இருக்கும். ஒவ்வொரு பாடத்திலும் கற்பவர் பத்துக்குப் பத்து வாங்குவார். ஒரு வாரம் கழித்துக் கலந்து கேட்டால் "நிற்றான்", "சொன்றான்" என்று எழுதுவார். காரணம் எளிது: பாடத்தின் தலைப்பே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. எந்த வகை என்று தேர்ந்தெடுக்கும் வேலையை அவர் ஒருமுறைகூடச் செய்யவில்லை, பேசும்போது தேவைப்படுவதோ அந்த வேலைதான். எனவே சென்றான் வகையில் ஆறேழு வினா, விற்றான் வகையில் ஆறேழு வினா, உடனே இரண்டையும் கலந்து இருபது வினா, அடுத்த நாள் "சொல்" போன்ற தனிவழி வினைகளையும் உண் – உண்டான், ஓடு – ஓடினான் போன்றவற்றையும் சேர்த்துக் கலவை என்று போக வேண்டும். கலக்கும்போது மதிப்பெண் இறங்கும். கற்பவர் சோர்வார், மேலாளர் புகார் சொல்வார். அந்த இறக்கத்தைக் கண்டு பயந்து வினாக்களை மறுபடி வகைவாரியாகப் பிரித்துவிடுவதுதான் இந்தத் துறையில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு.

கற்பவர் எதைப் பழகுகிறாரோ அதில்தான் தேறுவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராபர்ட் டிகீசர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கையாக உருவாக்கிய ஒரு சிறு மொழியைச் சிலருக்குக் கற்பித்துப் பல வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி ஏற ஏற விடை சொல்லும் நேரமும் பிழையும் குறைந்தன. ஆனால் புரிந்துகொள்ளப் பழகியவர்கள் புரிந்துகொள்வதிலும், வாக்கியம் அமைக்கப் பழகியவர்கள் அமைப்பதிலும்தான் பெரிதும் முன்னேறினார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் பயிற்சியை மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்துவிட்டு, பேச வரவில்லையே என்று கேட்பதில் நியாயமில்லை. நான்கில் ஒன்றைத் தொடுவதில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 25 விழுக்காடு சரியாகிவிடும் என்பது வேறு விஷயம்.

சொற்களை வரிசைப்படுத்தும் வினாக்களும் இப்படித்தான். "கண்ணன் நேற்று புத்தகம் வாங்கினான்" என்பதும் "நேற்று கண்ணன் புத்தகம் வாங்கினான்" என்பதும் சரியான தமிழ். ஆங்கிலத்துக்காகச் செய்த நிரலை அப்படியே தமிழுக்குத் திருப்பினால் இரண்டில் ஒன்றைத் தவறு என்று காட்டும். அதிலும் கொடுத்த சொற்களில் ஒரே ஒரு வினைமுற்று இருந்தால் விகுதிப் பயிற்சி என்று அங்கே எதுவும் நடப்பதில்லை. "வாங்கினான், வாங்கினாள், வாங்கினார்கள்" மூன்றையும் வைத்தால்தான் கற்பவர் எழுவாயைத் திரும்பிப் பார்ப்பார்.

தட்டச்சு செய்யும் வினாவில் விடையைத் திருத்துவதுதான் மிகக் கடினமான பகுதி. இதில் அக்கறை காட்டாததால் கெட்டுப்போன நல்ல பாடங்கள் பல. "பள்ளி முடிந்ததும் கண்ணன் ____ போனான் (வீடு)" என்ற வினாவுக்கு "வீட்டுக்குப்" என்பது விடை. "வீட்டிற்குப்" என்பதும் சரி. கற்பவர் "வீட்டுக்கு" என்று எழுதினால் உருபு சரி, ஒற்று மட்டும் விட்டுப்போயிற்று. இதற்கு வெறும் சிவப்பு அடையாளம் காட்டினால், உருபே தவறு என்று நினைத்து அடுத்த முறை "வீட்டை" என்று எழுதுவார். சரியாகத் தெரிந்ததையும் கெடுத்துவிட்டோம். பாடம் வேற்றுமை பற்றியது என்றால் ஒற்றுப் பிழைக்கு விடையை ஏற்றுக்கொண்டு "போனான் வருவதால் ப் மிகும்" என்று ஒரு வரி காட்டினால் போதும். பாடமே வல்லினம் மிகுதல் பற்றியது என்றால் அப்போது அது பிழை. எந்தப் பாடத்தில் எதைப் பிழையாக எண்ணுவது என்று வினா எழுதும்போதே குறித்துவைக்க வேண்டும்.

பிறகு யூனிகோட், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் துணைக்குறிக்கும் ஓர் எண் (குறியெண்) தந்து கணினியில் சேமிக்கும் முறை. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் கற்பவர் எழுதியதையும் நாம் வைத்திருக்கும் விடையையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்க வேண்டும். யூனிகோட் தரத்திலேயே அதற்கான முறை இருக்கிறது, ஒரு வரி நிரல் போதும். ஔகாரக் குறி அதைவிடத் தொல்லை. "கௌ" என்பதைச் சிலர் எகரக் கொம்புக்குப் பின் ளகரத்தை இட்டு எழுதுகிறார்கள். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் அது உண்மையிலேயே வேறு எழுத்து, ஆகவே இயல்பாக்கினாலும் மாறாது. அத்தகைய சொற்களுக்கு இரண்டு விடையையும் பட்டியலில் சேர்ப்பதே வழி. "ஸ்ரீ"க்கும் இரண்டு எழுத்துத்தொடர்கள் புழக்கத்தில் உள்ளன. கைபேசி விசைப்பலகைகள் சொல்லின் இறுதியில் தாமாகச் சேர்க்கும் இடைவெளியையும், சில விசைப்பலகைகள் நுழைக்கும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் நீக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். சரியாக எழுதியும் தவறு என்று வந்தால் கற்பவர் குறை தன்னிடம் என்றே நினைப்பார். இரண்டு முறை அப்படி நடந்தால் பாடத்தை மூடிவைத்துவிடுவார்.

"ஏறக்குறைய சரி" என்று சலுகை தரும் நிரல்களிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு சொற்களுக்கிடையே எத்தனை குறியெண் மாறியிருக்கிறது என்று எண்ணி, ஒன்று என்றால் மன்னித்துவிடுவது பொதுவான வழக்கம். தமிழில் "பழம்" என்பதில் ஒரு குறியெண் மாறினால் "பழம" என்ற தட்டச்சுப் பிழையும் வரும், "பலம்" என்ற வேறு சொல்லும் வரும். மனம், மணம்; அரை, அறை; வலி, வளி, வழி; கல், கால் எல்லாம் இந்தக் கணக்கில் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சரிதான்! லகர ளகர ழகரம், ணகர னகரம், ரகர றகரம், குறில் நெடில் ஆகிய மாற்றங்களுக்குச் சலுகை கிடையாது என்று விதி எழுதிய பிறகே மற்றவற்றுக்குச் சலுகை தர வேண்டும். எண்ணுவதையும் குறியெண்ணில் செய்யாமல் முழு எழுத்தில் செய்ய வேண்டும்.

தவறும்போது என்ன சொல்வது? "தவறு, சரியான விடை நின்றாள்" என்று உடனே விடையைக் காட்டிவிட்டு அடுத்த வினாவுக்குத் தாவும் செயலிகள்தான் அதிகம். கற்பவர் படித்துத் தலையாட்டிவிட்டு நகர்வார், எதையும் நினைவிலிருந்து எடுக்க மாட்டார். நினைவிலிருந்து எடுக்கும் முயற்சியே நினைவை வலுப்படுத்துகிறது. ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனைகளில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். எனவே முதல் தவறுக்குப் பிழை இருக்கும் இடத்தை மட்டும் காட்டுங்கள். இரண்டாவது தவறுக்குக் குறிப்புக் கொடுங்கள். "நிற்றாள்" என்று எழுதினால், "வில், கல் வழியில் போய்விட்டீர்கள், நில் என்பது செல் வழியில் போகும்" என்பது போல. மூன்றாவது முறை விடையைக் காட்டி, அதை மறைத்துவிட்டுத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். இதற்கு ஒவ்வொரு வினாவுக்கும் எதிர்பார்க்கும் தவறுகள் மூன்று அல்லது நான்கையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பதிலையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியிருக்கும். வினா எழுதுவதைவிட இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். பாடத்தின் தரம் இங்கேதான் தெரியும்.

தவறிய வினாவை உடனே திரும்பக் கேட்பதில் பயனில்லை, விடை கண்முன்னே நிற்கும். நடுவில் நாலைந்து வேறு வினாக்கள் போன பிறகு கேட்க வேண்டும், அமர்வின் முடிவில் இன்னொரு முறை கேட்க வேண்டும். அதன் பிறகு நாள் கணக்கு. பால் பிம்ஸ்லர் 1967இல் முன்வைத்த இடைவெளிகள் 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம் என்று தொடங்கி 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள் என்று நீண்டு 2 ஆண்டு வரை போகும். எல்லாருக்கும் எல்லாச் சொல்லுக்கும் ஒரே இடைவெளி என்பது அதன் குறை. பியோத்ர் வோஸ்னியாக் 1987இல் அமைத்த கணக்கில் முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள். அதன் பின் முந்தைய இடைவெளியை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். அது 2.5இல் தொடங்கும், தடுமாறும் சொல்லுக்குக் குறையும், 1.3க்குக் கீழே போகாது. ஆன்கி உட்படப் பல செயலிகள் இந்தக் கணக்கை ஒட்டியே வளர்ந்தன.

நடைமுறையில் கணக்கு கெடுவது கற்பவரின் ஆர்வத்தால்தான். முதல் வாரம் நாளுக்கு முப்பது புதிய சொல் சேர்ப்பார். மூன்றாவது வாரம் திரும்பப் பார்க்க வேண்டியவை நூற்றுக்கணக்கில் குவிந்து நிற்கும். நாளுக்கு ஐந்து முதல் பத்து வரை போதும் என்பது எங்கள் கருத்து. பழையது பதினைந்து நிமிடத்தில் முடியாத நாளில் புதிய சொல்லே வேண்டாம். ஒரே சொல் எட்டு முறைக்கு மேல் தவறிக்கொண்டிருந்தால் மேலும் கேட்பதில் பயனில்லை. அந்த வினாவை எடுத்துவிட்டு வேறு வாக்கியத்தில், வேறு படத்தோடு புதிதாக எழுத வேண்டும். பெரும்பாலும் ஒத்த வடிவமுள்ள இன்னொரு சொல் குறுக்கே நின்று குழப்பிக்கொண்டிருக்கும்.

ஒலி வேறுபாட்டைக் காதில் பழக்கவும் டிரிலைவிட நல்ல கருவி இல்லை. ஒரே நபரின் குரலில் "வலி, வளி, வழி" கேட்டுப் பழகியவர் அந்த நபரின் குரலைக் கற்றுக்கொள்கிறார். ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளைப் பிரித்தறியப் பழக்கிய 1991ஆம் ஆண்டு ஆய்வில், லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் பல குரல்களைக் கலந்து கொடுத்தார்கள். அதன் பிறகு இந்த முறை ஒலிப்பயிற்சியில் வேரூன்றிவிட்டது. ஆணும் பெண்ணுமாக நான்கைந்து குரல்கள், சொல்லின் இடையிலும் இறுதியிலும் அந்த ஒலி வரும் சொற்கள், ஒரே அளவு ஒலிமட்டம், இயல்பான வேகம் – இவ்வளவு இருந்தால் போதும். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருளை உச்சரிப்புக்கு நடுவராக வைக்க வேண்டாம். அது முன்பின் சொற்களைக் கொண்டு எது வரக்கூடும் என்று ஊகித்து எழுதுவது. "இந்த வளியாகப் போங்கள்" என்று ஒருவர் சொன்னாலும் அது "வழியாக" என்றே எழுதிவிடக்கூடும். கற்பவர் தன் உச்சரிப்பு சரி என்று நம்பிவிடுவார்.

செயற்கை நுண்ணறிவோடு உரையாடினால் டிரில் தேவையில்லையே என்ற கேள்விக்கு வருகிறோம். உரையாடல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் உரையாடலில் தெரியாத வடிவத்தைச் சுற்றிக்கொண்டு போக வழி உண்டு. 1974இல் ஜாக்குலின் ஷாக்டர் காட்டியது இதைத்தான்: சீன, ஜப்பானிய மாணவர்கள் ஆங்கிலப் பெயரெச்சத் தொடர்களில் குறைவாகப் பிழை செய்தார்கள். காரணம், அவற்றை அவர்கள் குறைவாகவே பயன்படுத்தினார்கள். தமிழிலும் "நேற்று வந்த பையன் என் தம்பி" என்று சொல்ல வராதவர் "ஒரு பையன் நேற்று வந்தான். அவன் என் தம்பி" என்று சொல்லித் தப்பிப்பார். இயந்திரம் புரிந்துகொண்டு மேலே பேசும். "வந்த" என்பது அவர் வாயில் வரவே வராது. அதை வரவைக்க, அந்த வடிவம் இல்லாமல் நிறைவு செய்ய முடியாத இருபது வாக்கியம் தேவை. அந்த இருபதை எழுத இயந்திரத்தின் உதவியைப் பெறலாம். ஆனால் ஒற்றுப் பிழை, இரண்டு விடை வரும் வினா, பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் கலந்த வாக்கியம் ஆகிய மூன்றும் அதில் அடிக்கடி வரும். தமிழறிந்த ஒருவர் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே கற்பவருக்குப் போக வேண்டும்.

டிரிலுக்கு எவ்வளவு நேரம்? மொழிக்கல்வி அறிஞர் பால் நேஷன் மொழிப் பாடத்தை நான்கு இழைகளாகப் பிரிக்கிறார்: கேட்டும் படித்தும் பொருள் கொள்வது, பேசியும் எழுதியும் பொருள் தருவது, மொழிக்கூறுகளை நேராகக் கற்பது, தெரிந்ததை விரைவாகப் பயன்படுத்திச் சரளம் பெறுவது. நான்குக்கும் ஏறத்தாழச் சமநேரம் என்பது அவர் கருத்து. மூன்றாவது இழைக்குள் அடங்குவது டிரில். அப்படியானால் மொத்த நேரத்தில் கால் பங்குக்கு மேல் அது போகக் கூடாது. ஒரு மணி நேரப் பாடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம். அது முடிந்த கையோடு, அதே வடிவம் இயல்பாகத் தேவைப்படும் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும், நேற்று நடந்ததை ஐந்து வாக்கியத்தில் எழுதுவது போல. தொடர்ந்த நாட்களுக்குப் பரிசுப்புள்ளி தரும் ஏற்பாடு இந்த அளவைக் குலைத்துவிடுகிறது. வரிசை அறுந்துவிடக் கூடாதே என்று கற்பவர் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாடத்தையே தொட்டுவிட்டுப் போகிறார். புள்ளி தந்தே ஆக வேண்டும் என்றால், தவறிய வினாவை மறுநாள் சரியாகச் சொன்னதற்குத் தாருங்கள்.

செயலி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சரி, தவறு என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், கற்பவர் எழுதிய தவறான விடையை எழுத்துக்கு எழுத்து சேமியுங்கள், விடை சொல்ல எடுத்த நேரத்தையும் சேர்த்து. பத்து விநாடி யோசித்துச் சரியாகச் சொன்னவரும் இரண்டு விநாடியில் சொன்னவரும் ஒரே நிலையில் இல்லை. முன்னவருக்கு அந்த வினா மறுநாளே திரும்ப வர வேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து, பாதிப்பேருக்கு மேல் தவறிய வினாக்களைத் தனியே எடுத்துப் படியுங்கள். அவற்றில் பலவற்றில் கற்பவர்கள் எழுதியதும் சரியான தமிழாகவே இருக்கும். அந்த விடைகளை ஏற்கும் பட்டியலில் அன்றே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
கணினிவழி மொழிப் பாடங்கள் எழுதும் ஆசிரியர்களும் நிரலாளர்களும்